மலையேறியதும் செவிடான ரிசீவர்: உங்களுக்கும் நடந்ததா?

மேட்டுப்பாளையம்காரன்
எங்கள் ஹாம் ரேடியோ ரிப்பீட்டருக்கு (கேட்ட குரலை அப்போதே வேறு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்) ரிசீவர் தேர்ந்தெடுத்தது நான்தான். கேட்கக்கூடிய மிகச் சின்ன சிக்னல் மற்ற செட்டுகளில் எல்லாம் 0.25 மைக்ரோவோல்ட் என்றால் இதன் தாளில் 0.18 என்று போட்டிருந்தது. காது கூர்மை, வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். வீட்டு மாடியில் அருமையாகக் கேட்டது. மலையில் டூப்ளெக்ஸர் (ஒரே ஆண்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்துவைக்கும் ஃபில்டர்) மாட்டி, டிரான்ஸ்மிட்டரை 25 வாட்டில் வைத்தோம். அடிவாரத்திலிருந்து ஒரு பெரியவர் ஹேண்டியில் (கையடக்க ரேடியோ) கூப்பிட்டார். ஸ்பீக்கரில் "வணக்கம், நான்" என்று வந்தது. டக். டிரான்ஸ்மிட்டர் எழுந்தது, குரல் போச்சு. டிரான்ஸ்மிட்டர் படுத்தது. "சிக்னல் எப்ப". டக். இப்படியே இரண்டு நிமிடம் ரிலே அடித்துக்கொண்டே இருந்தது. பேசுகிறவருக்குத் தன் குரல் வெளியே போகாதது தெரியாதே! பட்டனை விட்டதும் ரிப்பீட்டர் வால் (பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடும் ஒலிபரப்பு) கேட்கிறது, அவருக்குத் திருப்தி. "நல்லா இருக்கு தம்பி" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சேலம் 2 மீட்டர்
நீங்களாவது ரிசீவர் என்று ஒன்று வாங்கினீர்கள். நாங்கள் இரண்டு சீன ஹேண்டியை முதுகோடு முதுகு ஒட்டி மேலே வைத்தோம். பக்கத்திலேயே எஃப்எம் டவர். முதல் நாள் சாயங்காலம், சிக்னல் வராதபோது ஸ்பீக்கரை மூடிவைக்கும் ஸ்குவெல்ச் திறந்தது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஓடிப்போய்க் காதை வைத்தால் நகைக்கடை விளம்பரம், செய்கூலி சேதாரம் இல்லையாம். அந்த ஒற்றைச் சில்லு ரேடியோவுக்கு முன்னால் ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. தள்ளி இருக்கும் அலைவரிசைகளை வாசலிலேயே தடுக்கும் ஹெலிக்கல் ஃபில்டர் இருக்கிற பழைய செட்டைப் போடுங்கள், அவ்வளவுதான்.

கேவிட்டி தாத்தா
சேலம் தம்பி, இரண்டையும் குழப்பாதீர்கள். ஹெலிக்கல் உங்கள் நகைக்கடையை நிறுத்தும். மேட்டுப்பாளையம் தம்பிக்கு எதிரி அவருடைய சொந்த டிரான்ஸ்மிட்டர். வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதை ஹெலிக்கல் தடுக்காது.

எனக்கும் இதே டக் டக் வந்தது. ரிசீவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாக ஆர்ஜி-58 கேபிளைக் கையில் பிடித்தேன், காணாமல் போன குரல் திரும்பி வந்தது. கையை எடுத்தால் போய்விட்டது. ஒற்றைப் பின்னல் கேபிள், கசிவு. அவ்வளவுதான் என் கதை.

கணக்கைப் பாருங்கள். 25 வாட் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல் அளவு). 0.25 மைக்ரோவோல்ட் என்பது மைனஸ் 119. நடுவில் 163 டிபி! இதில் 0.18-ஆ 0.25-ஆ என்பது 3 டிபிகூட இல்லை. அதற்காகவா மண்டையை உடைத்துக்கொள்வது? முதலில் டிரான்ஸ்மிட்டரை டூப்ளெக்ஸரிலிருந்து கழற்றி டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் சக்தியை வெப்பமாக்கும் சுமை) போட்டு அழுத்துங்கள். அப்போதும் ரிசீவர் செவிடானால் கேபிள் அல்லது பெட்டி கசிகிறது. இரட்டைப் பின்னல் போட்ட ஆர்ஜி-214 வாங்குங்கள். செவிடாகவில்லை என்றால் ரிசீவர் பக்கம் ஒரு கேவிட்டி (மிகக் கூர்மையாக வடிகட்டும் உலோக டப்பா ஃபில்டர்) கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். தேறினால் ரிசீவர் திணறியிருக்கிறது. தேறாவிட்டால் டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் நேராக உங்கள் இன்புட்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உலகத்திலேயே சிறந்த ரிசீவர் வாங்கினாலும் பயனில்லை, டிரான்ஸ்மிட்டர் பக்கம்தான் வடிகட்ட வேண்டும். ரிசீவர் வாங்கும்போது பிளாக்கிங் (பக்கத்துப் பலமான சிக்னலைத் தாங்கும் திறன்) எத்தனை டிபி என்று கேளுங்கள். ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) மாட்டுகிறேன் என்று யாராவது வந்தால் மலையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

ஆண்டெனா பைத்தியம்
தாத்தா சொன்ன எல்லாச் சோதனையும் செய்து தேறிய ரிப்பீட்டர் எங்களுடையது. ஆனாலும் பகலில் செவிடு, ஆறு மணிக்கு மேல் தெளிவு. ஒரு வாரம் ரிசீவரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் வாட்ச்மேனின் போர்வையை வாங்கி சோலார் பேனல் மேல் விரித்தேன். உஸ்ஸென்று இருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கண்ட்ரோலர்தான் இரைச்சல் போட்டிருக்கிறது! போர்வையைத் திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை.

மேட்டுப்பாளையம்காரன்
தாத்தா, கேபிள் ஆர்ஜி-214தான், டம்மி லோடும் போட்டுப் பார்த்தோம், கசிவு இல்லை. ரிசீவர் பக்கக் கேவிட்டியில் தேறியது, அதாவது நான் வாங்கிய பெட்டிதான் திணறியிருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். இப்போது கால் டாக்ஸியில் கழித்துப்போட்ட பழைய செட் ஒன்று ஓடுகிறது. தாளில் 0.35. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போதும் அதே 0.35, அது போதும். எதிரில் பேருந்து நிலையத்திலிருந்து பேசுகிறவர் குரல்கூட வெட்டாமல் வருகிறது.

பெரியவரிடம் அன்றைக்கு நடந்ததை இன்னும் சொல்லவில்லை. "முன்னாடி இருந்த ரிசீவரே நல்லா இருந்துச்சே, எதுக்குத் தம்பி மாத்தினீங்க?" என்று போன வாரமும் கேட்டார்.