நாத்தனார் போடுற பாப்பா ஃபோட்டோவ எடுக்க வைக்கணும், ஹெல்ப் பண்ணுங்க
ஈரோட்டுல இருக்குற நாத்தனார் என் 6 வயசு பொண்ணு ஃபோட்டோவ எங்கள கேக்காமலே ஃபேஸ்புக்ல போடுறாங்க, எல்லாமே பப்ளிக். ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்ப போட்டதுல ஐடி கார்டு, வேன் நம்பர் வரைக்கும் படிக்க முடியுது, யாருன்னே தெரியாதவன் வந்து எந்த ஸ்கூல்னு கேக்குறான் இவங்க பதிலும் சொல்றாங்க!!

நேர்ல சொன்னா "அத்தைக்கு இந்த உரிமை கூட இல்லையா"ன்னு அழுகை. வீட்டுக்காரர் பேசினா கொஞ்ச நாள் ஃப்ரெண்ட்ஸ் ஒன்லி, அப்புறம் பழைய கததான். டேக்க எடுத்துட்டேன், ஆனா அது என் ப்ரொஃபைல்ல இருந்துதான் போகுது, படம் அங்கேயேதான் கெடக்கு.

13 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்களே ஃபார்ம் போட்டு எடுக்கச் சொல்லலாமாம். அத போட்டவங்க யாராவது இருக்கீங்களா, என்ன ப்ரூஃப் குடுத்தீங்க?