கோடு சுற்றுகிறது, மீன்குஞ்சின் கண் அசையவில்லை: ஏன்?

காரைக்குடி மாணவி:
முதுநிலை விலங்கியல் படிக்கிறேன். ஜீப்ரா மீன் குஞ்சுகளின் பார்வையை அளப்பதுதான் என் திட்டப்பணி. கருவுற்று ஐந்து நாளான குஞ்சு 4 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அதை மெத்தில் செல்லுலோஸ் கூழில் அசையாமல் நிறுத்தி, கறுப்பு வெள்ளைக் கோடு ஒட்டிய உருளையைச் சுற்றிலும் சுழற்றுகிறேன். கோடு தெரிந்தால் கண்கள் அதன்பின்னே மெல்ல நகர்ந்து, சட்டென்று திரும்ப வேண்டும். மூன்று நாளில் முப்பது குஞ்சுகள் பார்த்துவிட்டேன், ஒன்றின் கண்ணும் அசையவில்லை. உருளையின் குறுக்களவு 12 செ.மீ., கோட்டின் அகலம் 2 மி.மீ.

எங்கள் ஆயாவுக்கு விழித்திரை நோய். நாற்பது வருடம் நடந்த ஆத்தங்குடித் தரையில் இப்போது சுவரைத் தடவி நடக்கிறார். இந்த மீனோ அடிபட்ட விழித்திரையை, அதிலேயே உள்ள முல்லர் செல்கள் என்னும் துணைச் செல்களிலிருந்து திரும்ப வளர்த்துக்கொள்கிறது. வளர்ந்ததில் பார்வையும் வந்ததா என்று அளக்கத் தெரிய வேண்டாமா? குஞ்சுகளுக்குப் பார்வை இல்லையா, என் வேலையில் பிழையா?

தேவகோட்டை கண்ணாடிக்கடை:
அம்மா, மீனைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்கு வருபவரை எடுத்தவுடன் கடைசி வரியைப் படிக்கச் சொல்ல மாட்டேன். பெரிய எழுத்தில் தொடங்குங்கள்.

ஆய்வக அக்கா:
ஐயா சொன்னதுதான் சரி. உன் உருளையில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து 4 மி.மீ., அதாவது பாகைக்கு 0.26 ஜோடி. ஐந்து நாள் குஞ்சு பிரித்துப் பார்க்கக்கூடிய எல்லையே சுமார் 0.16. நல்ல பார்வையுள்ள மனிதருக்கு அது 30. உன் கோடுகள் குஞ்சுக்கு வெறும் சாம்பல் நிறம்தான். 18 ஜோடி ஒட்டு, ஒவ்வொரு கோடும் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் வரும். தண்ணீர் 28.5 டிகிரியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

காரைக்குடி மாணவி:
அக்கா, நகர்ந்தது! நுண்ணோக்கியில் இரண்டு கறுப்புப் புள்ளிகளும் ஒன்றாகச் சாய்ந்து, கோட்டோடு போய், வெடுக்கென்று திரும்பின. உருளையை எதிர்ப்பக்கம் சுழற்றினேன், கண்களும் எதிர்ப்பக்கம் போயின. கோட்டைக் குறுக்கிக்கொண்டே வந்தேன். 4 மி.மீ.யில் தயங்கித் தயங்கி நகர்ந்தன, 3 மி.மீ.யில் நின்றுவிட்டன. ஐயா, உங்கள் கடைசி வரி இதுதானே? நாளை புதிதாகப் பத்துக் குஞ்சுகளை எடுத்து, பெரிய கோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.