நிகான் டி5600: பழைய 50 மி.மீ. லென்ஸில் ஆட்டோஃபோகஸ் அசையவில்லை

கூடல்நகர்:
வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் நிகான் டி5600 கேமரா வாங்கினேன். கூடவே 18-55 மி.மீ. லென்ஸ் வந்தது. அடுத்த மாதம் மகளின் சலங்கை பூஜை. ஒத்திகையில் எடுத்த படங்களில் முகம் தெளிவாக விழுந்தாலும் கைகள் புகையாகத் தெரிகின்றன. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் சரியாகும் என்றார்கள்; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் நுழையும் துளை பெரிதாம். ஒருவர் பயன்படுத்திய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸைக் கடையில் வாங்கினேன். மாட்டியதும் 'எஃப்ஈஈ' என்று காட்டியது. படமே எடுக்க முடியவில்லை. லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பியதில் அது மறைந்தது, ஆனால் ஆட்டோஃபோகஸ் அசையவே இல்லை. கடைக்காரர் கேமராவில் கோளாறு என்கிறார். உண்மையா? 70-300 ஜூமும் வாங்கலாமா?

பழைய நெகட்டிவ்:
இரண்டிலும் கோளாறு இல்லை, சேர்த்ததுதான் தவறு. லென்ஸைக் கழற்றி அதன் பின்புற உலோக வளையத்தைப் பாருங்கள். ஓரத்தில் திருகாணித் தலையில் இருப்பது போல ஒரு சிறு பள்ளம் இருக்கும். கேமராவிலிருந்து நீளும் ஒரு முனை அதில் பொருந்திச் சுழன்றால்தான் உங்கள் 1.8டி போன்ற டி வகை லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகும். டி7200 கேமராவில் அந்த முனையும் அதைச் சுழற்றும் மோட்டாரும் உண்டு. டி3500, டி5600 இரண்டிலும் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வேண்டும்; நிகான் லென்ஸ் என்றால் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கும். வெறும் ஏஎஃப் என்றால் கையால் திருக வேண்டியதுதான்.

நீங்கள் திருப்பிய அந்த அபர்ச்சர் (துளை) வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டிவிடுங்கள். எஃப்ஈஈ இனி வராது.

சலங்கை ஒலி:
பதினைந்து ஆண்டுகளாக அரங்கேற்றங்களைப் படம் எடுக்கிறேன். 70-300 இப்போது வேண்டாம். டிஎக்ஸ் (உங்கள் கேமராவில் உள்ள சிறிய சென்சாருக்கானது) ஏஎஃப்-பி வகையில் அது எஃப் 4.5-6.3, பறவை பார்க்கப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். அதில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கையைத்தான் அடக்கும், ஆடுகிற குழந்தையை அடக்காது.

18-55ஐ 55 வரை இழுத்தால் துளை எஃப் 5.6. எஃப் 1.8 அதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் விடும். ஷட்டரை 1/50 நொடி திறந்து எடுத்ததை 1/500 நொடியில் எடுக்கலாம். அடவுக்கு 1/250-ஐ விட மெதுவான வேகத்துக்கு இறங்காதீர்கள். அரைமண்டியில் நிற்கும் கணத்துக்கு 1/125 போதும்.

35 மி.மீ.-ஆ 50 மி.மீ.-ஆ, எந்த எஃப் 1.8 லென்ஸ் என்பதை நாற்காலிதான் முடிவு செய்யும். அன்று உட்காரப்போகும் இடத்தில் உட்கார்ந்து, 18-55ஐ முதலில் 35-இல், பிறகு 50-இல் வைத்துப் பாருங்கள். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், 5 மீட்டர் தூரத்தில் 35 மி.மீ. சுமார் 2.2 மீட்டர் உயரத்தை அடக்கும். 8 மீட்டரில் 50 மி.மீ. சுமார் 2.5 மீட்டர். தூக்கிய கைக்கும் இடம் விடுங்கள்.

தூண்பித்தன்:
அந்த 50-ஐ விற்றுவிடாதீர்கள் ஐயா. கையால் திருகும்போது வ்யூஃபைண்டரின் கீழே இடது மூலையில் ஒரு புள்ளி எரியும். அது நிலையாக நின்றால் ஃபோகஸ் சரி. திருமலை நாயக்கர் மகாலில் இப்படித்தான் எடுக்கிறேன். தூண் எங்கேயும் ஓடிவிடாது.

கூடல்நகர்:
மூவருக்கும் நன்றி. பள்ளத்தைப் பார்த்துவிட்டேன்! கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார், எனவே 50 இனி தூண்களுக்கு. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்ததில் 35-தான் பொருந்தியது. ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி வாங்கிவிட்டேன். நேற்று ஒத்திகையில் எஃப் 2.2, 1/250, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. நெற்றிச்சுட்டியும் நெற்றியும் மட்டும் வெளுத்துப்போகின்றன.

சலங்கை ஒலி:
பின்திரை கறுப்பா? அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் கேமரா கூடுதல் வெளிச்சம் விடுகிறது. எக்ஸ்போஷரை 1 படி குறையுங்கள். முகத்தில் போடும் பவுடரையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், அம்மாவிடம் திட்டு வாங்க நான் பொறுப்பில்லை.