ஈயம் இரண்டு தொகுதிகளில் வந்த அனுபவம்

உப்புப் பகுப்பாய்வு, அதாவது தெரியாத உப்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என்றாலே பலருக்கும் அம்மோனியா விட்டதும் வரும் தாமிரத்தின் கருநீலம்தான் நினைவில் இருக்கும். எனக்குப் பிடித்தது ஈயம்.

பி.எஸ்சி. செய்முறை வகுப்பில் இரண்டு நேரயனிகள் (நேர்மின்சுமை கொண்ட உலோக அயனிகள்) கொண்ட கலவை ஒன்று வந்தது. வினைப்பொருள்களை வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் வீழ்படிவாகும் (திண்மமாகப் பிரிந்து விழும்) உலோகங்களை ஒவ்வொரு தொகுதியாகப் பிரிப்பதுதான் முறை. கரைசல் நிறமற்றது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் வெள்ளை வீழ்படிவு. வடிகட்டி, வெந்நீர் விட்டேன், கரைந்தது. வெள்ளி குளோரைடாக இருந்தால் கரையாது. வீழ்படிவு கரைந்த அந்த வெந்நீரில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு. அதைச் சூடாக்கிக் கரைத்து, குழாய்த் தண்ணீரில் காட்டினால் சோதனைக் குழாய் முழுக்கப் பொன் செதில்கள் மிதக்கும். வேதியியல் படிக்கிற யாரும் ஒரு முறையாவது இதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சரி, ஈயம் முடிந்தது என்று, முதலில் வடிகட்டி எடுத்த வடிநீரில் இரண்டாம் தொகுதிக்காக ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தினால் கறுப்பாக ஒன்று விழுகிறது! பக்கத்து மேசை நண்பன் தாமிரம் என்றான். தாமிரம் என்றால் கரைசலில் நீலம் தெரிந்திருக்குமே. ஆசிரியர் சொன்னபிறகுதான் விளங்கியது: 20 டிகிரியில் 100 மில்லி நீரில் சுமார் 1 கிராம் ஈய குளோரைடு கரையும். முதல் தொகுதியில் முழுவதும் விழாமல் மிச்சம் இரண்டாம் தொகுதிக்கு வந்துவிடுகிறது. கறுப்பு வீழ்படிவை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் விட்டதும் வெள்ளையாக ஈய சல்பேட் விழுந்தது. அதே ஈயம்தான்.

அப்புறம் முக்கியமான வேலை: வடிநீரைக் கொதிக்க வைத்து ஹைட்ரஜன் சல்பைடை முழுவதும் வெளியேற்றுவது. இந்த வாயு பட்டால் கறுக்கும் லெட் அசிடேட் தாளை ஆவியில் காட்டினேன், அது கறுக்காமல் போகும்வரை விடவில்லை. வாயு மிஞ்சியிருந்தால் மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியா சேர்க்கும்போதே நான்காம் தொகுதி உலோகங்களும் சல்பைடாக விழுந்து எல்லாம் குழம்பிவிடும். அமிலத்தில் சல்பைடு அயனி மிகக் குறைவு, அதனால் துத்தநாகம் கரைசலிலேயே இருக்கும். அம்மோனியா ஊடகத்தில் சல்பைடு அயனி கூடும், துத்தநாகம் விழும். வாயு ஒன்றுதான், ஊடகம் மட்டும் மாறுகிறது. தொகுதிப் பிரிப்பின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன்.

மூன்றில் எதுவும் வரவில்லை. நான்கில் வெள்ளை வீழ்படிவு. அதைக் கரைத்து, கோபால்ட் நைட்ரேட்டுடன் சேர்த்து வடிதாளை அதில் நனைத்து எரித்தபோது கிடைத்த சாம்பல் பச்சையாக இருந்தது. துத்தநாகம் உறுதி.

செய்து பார்ப்பவர்கள் ஈயம் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்துவிடுங்கள். வாயு செலுத்துவதை, வாயுவை வெளியே இழுத்துவிடும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள்.