தரவு உரிமையா, தரவிறைமையா?

> ‘இண்டிஜினஸ் டேட்டா சாவரெயின்ட்டி’க்குப் ‘பழங்குடியினர் தரவு உரிமை’ போதுமே. இறையாண்மை நாடுகளுக்குத்தானே?

போதாது என்று நினைக்கிறேன். ஒரு தொல்குடி தன்னைப் பற்றிய தரவைத் தானே ஆளும் அதிகாரம் என்பதுதான் அந்த ஆங்கிலத் தொடரின் பொருள். ஹவாசுபாய் மக்களுக்கு நடந்ததைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்கிற சிறிய இனம் அவர்கள். நீரிழிவு அவர்களை வாட்டியது. 1990-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுக்க வந்தபோது, சர்க்கரை நோய்க்குத்தான் என்று நம்பிக் கையை நீட்டினார்கள். அதே இரத்தத்தை வைத்து மனச்சிதைவு, உறவுக்குள் மணம், முன்னோர் இடம்பெயர்ந்த வழி என்று ஆய்வுகள் போயின. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற மக்கள் அவர்கள்! 2003-இல் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்த ஹவாசுபாய்ப் பெண் ஒருவர், இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது.

உடனே அவர்களின் இனக்குழு அரசு, அந்தப் பல்கலைக்கழகத்தார் தங்கள் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டது. வழக்கு அப்புறம்தான். 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். மிச்சமிருந்த இரத்தமும் திரும்பி வந்தது. தடை போட்டது ஓர் அரசின் செயல். அதை ‘உரிமை’ என்ற சொல் காட்டாது.

கேட்காமல் எடுக்கும் வழக்கம் பழையது. 1860-களில் அமெரிக்க இராணுவ மருத்துவர்களுக்குச் செவ்விந்தியர் மண்டையோடுகளைச் சேகரித்து அனுப்பும்படி மேலிடத்து உத்தரவே இருந்தது. ஆளும் கை அளக்கும், ஆளப்படுபவர் அளக்கப்படுவார் என்ற அந்த ஏற்பாட்டைத்தான் இந்தக் கருத்து புரட்டிப் போடுகிறது. கனடாவின் முதற்குடிகள் 1998-இல் வகுத்த நெறியில் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம் (தரவை எடுத்துப் பார்க்கும் வசதி) ஆகியவற்றோடு ‘கைவசம்’ என்பதும் உண்டு. தரவு யார் பெட்டியில் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

என் பரிந்துரை: தொல்குடித் தரவிறைமை. ‘இறைமை’ இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்குகிற சொல், ‘இறையாண்மை’யைவிடச் சிறியது, சேர்த்தெழுதவும் வளைகிறது. சர்வர் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விவாதத்துக்குத் ‘தரவு இறையாண்மை’ அப்படியே இருக்கட்டும். ‘பழங்குடியினர்’ என்றால் நமக்கு அரசின் அட்டவணைதான் முதலில் நினைவுக்கு வரும், அதனால் ‘தொல்குடி’.

சரி என்றால், விளக்கக் குறிப்பில் இரத்தம், எலும்பு, பாட்டு, மூலிகை அறிவு எல்லாம் ‘தரவு’க்குள் அடங்கும் என்று சேர்த்துவிடலாம். மாற்றுச்சொல் இருந்தால் எழுதுங்கள்.