மீப்பில் தங்க நானோகோளம்: சிதறல் எதிர்மறையாக வருகிறது, உச்சமும் தள்ளிப் போகிறது

கேள்வி:
60 நானோமீட்டர் விட்டத் தங்கக் கோளம், சுற்றிலும் தண்ணீர் (ஒளிவிலகல் எண் 1.33). மீப் என்ற மென்பொருளில் முப்பரிமாண எஃப்டிடிடி (இடத்தையும் நேரத்தையும் சிறு படிகளாக்கி மின்காந்தப் புலத்தைக் கணக்கிடும் முறை). அலகு 1 மைக்ரான், ரெசொல்யூஷன் 200 (அலகுக்கு 200 கட்டம்), பிஎம்எல் (ஓரத்தில் அலையை விழுங்கும் அடுக்கு) 0.05, காஸியன் துடிப்பு ஒளிமூலம் 450–750 நானோமீட்டர். மீ கோட்பாட்டுக் கணக்கில் (கோளம் ஒளியைச் சிதறடிப்பதற்கான துல்லியத் தீர்வு) உச்சம் 535 நானோமீட்டர் பக்கம். எனக்கு 560ஐத் தாண்டி அகலமாகப் பரவுகிறது. கோளத்தைச் சுற்றிய ஃப்ளக்ஸ் (ஆற்றல் ஓட்டம்) அளக்கும் பெட்டியில் சிதறல் எல்லா அலைநீளத்திலும் எதிர்மறை. எங்கே தப்பு?

பதில் 1:
எல்லா அலைநீளத்திலும் எதிர்மறை என்றால் அது சிதறலே அல்ல. மொத்தப் புலத்தில் (படு அலையும் சிதறிய அலையும் சேர்ந்தது) பெட்டியை விட்டு வெளியேறும் நிகர ஃப்ளக்ஸைத்தான் எடுத்திருக்கிறீர்கள். குறியை மாற்றுங்கள், அதுவே உறிஞ்சல். சிதறலுக்கு முதலில் கோளம் இல்லாமல், வெறும் தண்ணீரில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பெட்டியின் ஆறு முகங்களின் ஃப்ளக்ஸ் தரவையும் சேமியுங்கள். கோளத்தோடு ஓட்டும்போது, ஓட்டம் தொடங்குமுன் அதை 'லோட் மைனஸ் ஃப்ளக்ஸ் டேட்டா'வில் (படு அலையைக் கழிக்கும் மீப் கட்டளை) ஏற்றுங்கள். படுகதிர்ச் செறிவுக்கும் அதே வெற்று ஓட்டம் போதும்.

பதில் 2:
உச்சம் நகர்வது வலையால். 200 என்றால் ஒரு கட்டம் 5 நானோமீட்டர். ஆரத்துக்கு ஆறே கட்டம். அது கோளமல்ல, படிக்கட்டு. மீப்பின் சப்பிக்சல் ஸ்மூத்திங் (எல்லைக் கட்டங்களில் பொருள் பண்பைச் சராசரியாக்கி மழுப்புவது) உலோகத்தின் நிறப்பிரிகைப் பகுதிக்கு, அதாவது அலைநீளத்தோடு மாறும் பகுதிக்கு, பொருந்தாது, அதனால் காப்பாற்றாது.

ரெசொல்யூஷன் 500க்குப் போங்கள். நேரப்படியும் சுருங்குவதால் அதே அளவு பெட்டிக்கே வேலை 2.5இன் நான்காம் அடுக்கு, சுமார் 39 மடங்கு. மின்புலம் எக்ஸ் திசை, அலை இசட் திசை என்றால் எக்ஸ் கண்ணாடிச் சமச்சீருக்கு ஃபேஸ் −1, ஒய்க்கு +1 கொடுத்தால் கால்வாசிதான் மிஞ்சும். பிஎம்எல்லையும் தடிமனாக்குங்கள்: 750 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் தண்ணீரில் 564, அதில் பாதி, 0.28 மைக்ரான். கோளத்துக்கும் பிஎம்எல்லுக்கும் நடுவே 0.1 விட்டால் மொத்தப் பெட்டி 0.82. மூலம் பிஎம்எல்லுக்குள்ளும் நீள வேண்டும், அதற்கு மூலத்தின் 'இஸ் இன்டெக்ரேட்டட்' அமைப்பை ட்ரூ ஆக்குங்கள்.

எந்தத் தங்கம் என்றும் பாருங்கள். மீ கணக்குக்கு ஜான்சன்–கிறிஸ்டி (1972) தரவு, மீப்பில் ராக்கிச் (1998) பொருத்தம் என்றிருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

கேட்டவர்:
குறி சரியாகிவிட்டது, உச்சமும் நெருங்கிவிட்டது, நன்றி. ஆனால் ரெசொல்யூஷனை ஏற்ற ஏற்ற கோளப் பரப்பில் அதிகபட்சப் புலம் கூடிக்கொண்டே போகிறதே?

பதில் 2:
படிக்கட்டின் கூர்முனைகளில் புலம் குவிகிறது; அந்த எண் ஒரு இடத்தில் நிற்காது, அதை எங்கும் எழுதாதீர்கள். பரப்பிலிருந்து இரண்டு மூன்று கட்டம் தள்ளி அளவிடுங்கள். பரப்பிலேயே வேண்டுமென்றால், வளைந்த வலை போடும் ஃபைனைட் எலிமென்ட் முறைதான்.