8 மதிப்பெண் போட்டவர் எங்கள் ஆல்பத்தைக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்

ஏழாவது டிராக் என்ற பெயரில் ஒருவர் கேட்கிறார்:

மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் குழு எங்களுடையது. பாட்டை வெளியிட லேபிள் இல்லை, மேனேஜர் இல்லை, விளம்பரம் பார்க்க பி.ஆர். ஆள் இல்லை. அந்த மூன்று வேலையும் என் தலையில். இரண்டரை வருடம் இழுத்தடித்து, ஒன்பது பாட்டு கொண்ட முதல் ஆல்பத்தை ஐந்து வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை வெளியிட்டோம். 2015 ஜூலையில் உலகம் முழுவதற்கும் வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ் நாள் என்று ஆக்கினார்களே, அதில் ஒரு சங்கடம்: பெரிய ஆட்களும் அதே நாளில்தான் வந்து இறங்குகிறார்கள். எழுதுபவர்கள், பிளேலிஸ்ட் போடுபவர்கள் என்று 62 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் "நன்றி" என்று மட்டும் பதில் போட்டார். அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். மற்றபடி இன்றுவரை வந்தது மூன்று விமர்சனம்.

முதலாவது நான்கு பத்தி, 10க்கு 8. படிக்கும்போதே எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. யோசித்தால், எழுதியதே நான்தான். மின்னஞ்சலோடு அனுப்பிய செய்திக்குறிப்பில் "நள்ளிரவுக்குப் பிறகும் தூங்காத ஒரு வீட்டின் சத்தங்கள்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு வரி போட்டிருந்தேன். அது மேற்கோள்குறி கூட இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. எட்டாவது பாட்டின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அனுப்பியிருந்தேன். அந்தப் பிழையும் அப்படியே இருந்தது.

இரண்டாவது, அந்த வாரம் வெளியான ஆல்பங்களின் பட்டியலில் மூன்று வரி. கேட்க இதமாக இருக்கிறதாம். சரி.

மூன்றாவதுதான் விஷயம். ஏறக்குறைய 900 வார்த்தை, 10க்கு 4.5. நான் பாடுவது பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறதாம். இரண்டாவது பாட்டு, சொல்ல வந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு இன்னும் மூன்று நிமிடம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறதாம். டிரம் மெஷினும் நிஜ டிரம்ஸும் சேரும் இடங்களில் ஒன்றை ஒன்று தள்ளிவிடுகின்றனவாம். படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஆனால் அதே ஆள், ஏழாவது பாட்டின் கடைசியில் ஒரு நாற்காலி கிரீச்சிடுவதைக் கேட்டிருக்கிறார். ஆல்பம் முழுக்கப் பாசாங்கே இல்லாத இடம் அதுதான் என்று எழுதியிருக்கிறார். பேஸ் வாசிப்பவர், ரெக்கார்டிங் நிற்பதற்கு முன்பே எழுந்துவிட்ட சத்தம் அது. அதை வெட்டுவதா வைப்பதா என்று நாங்கள் மூன்று நாள் சண்டை போட்டோம். எங்கள் வீட்டு ஆட்களே அதைக் கவனிக்கவில்லை.

இப்போது டிரம்மர் அந்த 4.5க்கு நீளமாக ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார். அனுப்பு அனுப்பு என்கிறார். பேஸ் வாசிப்பவர் அந்த 8ஐ எங்கள் ஆல்பம் பக்கத்தில் பெரிதாகப் போடச் சொல்கிறார். எனக்கோ அந்த 8ஐப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய இன்பாக்ஸ்:

ஆறு வருடம் பகுதிநேரமாக ஆல்பம் விமர்சனம் எழுதினேன். இப்போது இல்லை. முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்: செய்திக்குறிப்பைத் திருப்பிப் போட்டு நானும் எழுதியிருக்கிறேன். ஒருமுறைதான் என்று சொல்ல ஆசை, அது பொய். விடிவதற்குள் மூன்று கட்டுரை கொடுக்க வேண்டும், மணி பதினொன்றரை, முதல் இரண்டு பாட்டை ஓட விட்டுவிட்டு மீதிக்குக் குறிப்பைப் பார்த்தேன். அப்படி எழுதும்போது மதிப்பெண் தாராளமாகத்தான் வரும். குறைத்துப் போட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல முழுசாகக் கேட்டிருக்க வேண்டும்.

வெளியில் தெரியாத ஒரு வழக்கம் உண்டு. பெயர் தெரியாத குழுவின் ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் எழுதவே மாட்டோம். யாருக்கும் தெரியாதவர்களைப் பிடித்து அடிப்பதில் படிப்பவருக்கும் லாபமில்லை. அதனால் உங்களைப் பற்றி 900 வார்த்தை எழுதி 4.5 போட்டவர் சும்மா பொழுது போகாமல் எழுதியவர் இல்லை. ஏதோ ஒன்று அவரைப் பிடித்து இழுத்திருக்கிறது, அது கைக்கு வராமல் போன எரிச்சலில் எழுதியிருக்கிறார். நாற்காலிச் சத்தத்துக்கு அவர் வந்து சேர்ந்த நேரத்தில் இன்பாக்ஸில் குறைந்தது இருபது லிங்க் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

மதிப்பெண்ணை விடுங்கள். பல இடங்களில் எழுதியவர் ஒன்று சொல்ல, ஆசிரியர் குழு பேசி வேறொன்றில் நிறுத்துவார்கள். பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் 0.0 கொடுத்தது. எழுதியவரே 2019இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2021இல் அந்தத் தளம் தன் பழைய மதிப்பெண்களில் 19ஐத் திருத்தியபோது அதே ஆல்பம் 6.0 ஆனது. பாட்டில் ஒரு நொடி கூட மாறவில்லை.

டிரம்மரின் கடிதம் வேண்டாம். எனக்கு அப்படி நாலைந்து வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் "நீங்கள் புரிந்துகொள்ளவில்லை" என்பதுதான் முதல் வரி. தகவல் தவறாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்: பாடியவர் பெயர், வெளியான நாள், அந்த மாதிரி. உடனே திருத்துவார்கள்.

இரண்டு ஈ.பி. மட்டும்:

மேலே இருப்பவர் சொல்வது விமர்சகரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. என் கதையையும் கேளுங்கள்.

என் முதல் ஈ.பி.க்கு (சில பாட்டு மட்டும் கொண்ட சிறிய ஆல்பம்) வந்தது ஒரே ஒரு விமர்சனம். எழுதியவர் முழுசாகத்தான் கேட்டிருந்தார். சொன்னதும் சரிதான், இன்று கேட்டால் எனக்கே தெரிகிறது. அதற்காக? அதன்பிறகு 14 மாதம் நான் மைக் முன்னால் போகவில்லை. இன்றைக்கும் என் மேடைப் பெயரைத் தேடினால் முதலில் வருவது என் பாட்டு அல்ல, அந்தப் பக்கம்தான்.

பிரபலமான ஒருவருக்கு ஒரு மோசமான விமர்சனம் வந்தால், முப்பது விமர்சனத்தில் அது கரைந்துபோகும். விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் தளம் கூட குறைந்தது 4 விமர்சனம் சேராமல் சராசரி போடுவதில்லை. நமக்கு நான்கு எந்தக் காலத்தில் சேரும்? வந்த ஒன்றுதான் நம் சராசரி. டிராவிஸ் மாரிசன் தன் முதல் தனி ஆல்பத்துக்கு 2004இல் இதே பிட்ச்ஃபோர்க்கிடம் 0.0 வாங்கினார். அவருக்காவது முன்பே ஒரு பெயர்பெற்ற குழுவின் பாடகர் என்ற முகவரி இருந்தது. இருந்தும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த 0.0வும் கூடவே வருகிறது.

எனவே நன்றாகக் கேட்டார் என்பதற்காக அந்த ஆளுக்கு நன்றி சொல்ல ஓடாதீர்கள். நன்றாகக் கேட்பது அவர் வேலை. ஒரு வாரம் திட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த 8ஐப் பக்கத்தில் போடாதீர்கள். யாராவது சொடுக்கிப் பார்த்தால் உங்கள் செய்திக்குறிப்பும் அந்தப் பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். காப்பி அடித்தது அவர், ஆனால் பார்ப்பவர்கள் நீங்கள்தான் எழுதிக்கொடுத்தீர்கள் என்பார்கள்.

ஏழாவது டிராக்:

14 மாதம் என்று படித்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. நான் இப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கிறேன், கிட்டார் பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

ஒரு சந்தேகம். குரல் அடுத்த அறையில் இருக்கிறது என்கிறாரே, எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது. மிக்ஸ் செய்ததும், அதாவது குரலையும் கருவிகளையும் சேர்த்துச் சத்த அளவைச் சரிசெய்ததும், நான்தான். எங்களுக்குக் கேட்பது அவருக்கு எப்படிக் கேட்காமல் போகும்?

மோனோவில் கேள்:

உங்களுக்குக் கேட்கத்தான் செய்யும். வரிகளை எழுதியதே நீங்கள். காது பாதியைக் கேட்கும், மீதியை மனசு போட்டு நிரப்பிக்கொள்ளும். மிக்ஸ் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் விழும் குழி இது, நானும் விழுந்திருக்கிறேன். முப்பது முறை கேட்ட பாட்டில் குரலைக் குறைத்துக்கொண்டே போகத் தோன்றும், ஏனென்றால் எவ்வளவு குறைத்தாலும் நமக்குப் புரிகிறது.

ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். மூன்றாவது பாட்டை மட்டும் சொல்கிறேன். குரலின் மெய்யெழுத்துகள் தெளிவாவது சுமாராக 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில். உங்கள் டிஸ்டார்ஷன் கிட்டார் இரண்டும் சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. 'க', 'த', 'ச' எல்லாம் அவற்றின் அடியில் போய்விடுகின்றன, உயிரெழுத்து மட்டும் மிதக்கிறது. அதற்கு மேல் ரிவெர்ப், அந்த எதிரொலி வேறு. ஃபேடரைத் தள்ளிக் குரலின் சத்தத்தை ஏற்றினால் மட்டும் போதாது, கிட்டாரில் அந்த இடத்தை இரண்டு மூன்று டெசிபல் குடைந்து எடுங்கள். சத்தம் கூட வேண்டும் என்று மாஸ்டரை, அதாவது இறுதிக் கோப்பை, ரொம்பவும் இறுக்கியிருக்கிறீர்கள். அதில் பயனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் கொண்டுவந்துவிடும், உங்கள் சத்தத்தைக் குறைத்துவிடும், நசுங்கினது நசுங்கினபடி இருக்கும்.

சோதிக்க ஒரு வழி: மோனோவாக்கி (இடது, வலது ஒலியை ஒன்றாகச் சேர்த்து), போன் ஸ்பீக்கரில், பக்கத்தில் இருப்பவர் பேச்சை விடச் சத்தம் குறைவாக வைத்து, இதுவரை கேட்டிராத ஒருவரை வரிகளை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவதுதான் உங்கள் மிக்ஸ்.

டிரம்ஸ் பற்றி அவர் சொன்னது அதிகப்படி. அந்தத் தள்ளுமுள்ளு எனக்குப் பிடித்திருந்தது.

எண்ணிப் பார்ப்பவன்:

விமர்சனத்தால், அதாவது அடுத்தவர் கருத்தால், என்ன ஆகும் என்பதற்கு ஒன்று மட்டும். 2006இல் சயின்ஸ் இதழில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டு, 14,341 பேர். ஒரு பகுதியினர் பாட்டை மட்டும் கேட்டார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகமாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் இதுவரை எத்தனை பேர் அதை இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். ஒரு உலகத்தில் மேலே போன பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிகச் சிறந்தவை அவ்வளவாக விழவில்லை, மிக மோசமானவை அவ்வளவாக ஏறவில்லை. இடையில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. உங்கள் ஆல்பம் அநேகமாக அந்த இடையில்தான், என்னுடையதும்தான்.

ஏழாவது டிராக்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மோனோ சோதனை செய்தோம். டிரம்மரின் தங்கை மாட்டினாள். எங்கள் பாட்டு எதையும் அவள் கேட்டதில்லை, அதுவே ஒரு தனி வருத்தம். மூன்றாவது பாட்டின் முதல் சரணத்தில் 22 வார்த்தை இருக்கிறது. அவள் எழுதியது ஒன்பது. அதில் "கடிகாரம்" என்ற வார்த்தை பாட்டிலேயே இல்லை. டிரம்மர் தாளை வாங்கிப் பார்த்தார், பேசாமல் தன் கடிதத்தை அழித்துவிட்டார்.

மூன்று பாட்டை மீண்டும் மிக்ஸ் செய்கிறேன். குழுக்களே பாட்டை ஏற்றி விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கோப்பை மாற்றிவிடலாம். மற்ற தளங்களுக்கு விநியோகஸ்தர் வழியாக மறுபடி அலைய வேண்டும், அதை அப்புறம் பார்க்கலாம். இரண்டாவது பாட்டை மட்டும் தொடப் போவதில்லை. அது ஐந்து நிமிடம்தான். வாசலில் நின்று பேசுவதற்காகவே எழுதிய பாட்டு அது.

விமர்சகருக்கு நான் எழுதவில்லை. இரண்டு முறை ஆரம்பித்தேன், இரண்டு முறையும் கெஞ்சுகிற மாதிரி வந்தது.

8ஐப் பக்கத்தில் போடும் சண்டை மட்டும் ஓயவில்லை. நேற்று பேஸ் வாசிப்பவரிடம், பார், எட்டாவது பாட்டின் பெயரைக் கூடப் பிழையோடு போட்டிருக்கிறார்கள், இதையா காட்டப் போகிறோம் என்று கேட்டேன். அவர் போனை எடுத்து எங்கள் சொந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆறு வாரமாக அங்கேயும் அதே பிழைதான் இருந்திருக்கிறது.